மெக்னீட்டோவைச் சுற்றிய கை

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயது, இந்த வருடம்தான் சாதாரண தரப் பரீட்சை. உன் வாப்பா யார் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். ஆனாலும் நீ மீசை வைத்து, உழைத்து, உம்மாவை எதிர்த்துக் கதைக்கும் வயதில் வாசிப்பதற்காக இதை இப்போதே எழுதுகிறேன். இன்னும் பத்து வருடம் போனால் நான் இதை மாற்றித்தான் சொல்லுவேன். பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தங்கள் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் தாங்கள் அந்த இடத்திலேயே இருக்கவில்லை என்பது போல ஆக்கிவிடுகிறார்கள். மகள் என்று எழுதாமல் மகன் என்று எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் மகளுக்கு வீடு கொடுப்பார்கள். மகன் உடுப்புப் பெட்டியோடு பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கப் போவதில்லை, இதைத் தவிர.

நாளைக்கு என் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தாவின் காவின் எழுத்து, கல்யாணப் பதிவு. போன வெள்ளிக்கிழமை வரை அந்தக் கல்யாணம் நடக்காது என்றுதான் இருந்தது. நடக்காமல் போகச் செய்தவள் நான். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போனில் உள்ள வெளிச்சத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாப்பா இருமினால் நிறுத்திவிடுகிறேன். இந்தத் தாள்கள் அவருடைய கையில் கிடைத்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுத்து எங்காவது கோணலாகப் போயிருந்தால் நீ சிரிக்காதே.

உன் மூத்தவாப்பா, அதாவது என் வாப்பா, கல்முனையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கராஜ்காரர் இல்லை. அவருக்கு ஒழுங்காகக் கார் ஓட்டவும் தெரியாது. ஆனால் இந்த வாரம் வரை எங்கள் வீட்டு முன் மண்டபத்தில் பழைய ஏ-போர்ட்டி காரின் நான்கு கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன. இரண்டு அறைகளில் மைனர் காரின் முகப்பு விளக்குகள், திரும்பும்போது பக்கவாட்டில் கைபோல எழும்பும் பழைய சிக்னல்கள், டைனமோக்கள், காபரேட்டர்கள். கண்ணாடி அலுமாரிக்குள் அவர் உயிரை விடும் சாமான்கள்: அந்தக் காலத்துக் கராஜ்களில் எஞ்சினைச் சோதிக்க வைத்திருந்த கருவிகள். மின்சாரம் அளக்கும் மீட்டர், பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கும் பெட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் நீலத் துணியில் ஒரு பித்தளைக் கேஜ். எஞ்சினுக்குள் எவ்வளவு அமுக்கம் இருக்கிறது என்று காட்டுவது அது. வெள்ளி பூசிய வட்டமுகம், அதில் கறுப்பு மையால் மெல்லிய எண்கள். நாங்கள் சளி பிடித்துத் தும்மினாலும் அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் தும்மக்கூடாது. நானும் ராத்தாவும் குசினிக்கு அடுத்த அறையில், கார் ரேடியேட்டர்களுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்து வளர்ந்தோம். ஒரு பொருளை விரும்பும் மனிதர் மென்மையானவராகத்தான் இருப்பார் என்று நீ நினைத்தால், அதை இப்போதே விட்டுவிடு. இரும்பைத் தடவிய அதே கையால்தான் அவர் எங்களை அடித்தார்.

அந்தக் கேஜ் வந்த நாளில் நானும் கூடப் போனேன். எனக்குப் பத்து வயது இருக்கும். சாகாமம் என்ற ஊரில் குளத்துக்குக் கிட்ட ஒரு வீடு. முன்பு வாடகைக் கார் ஓட்டிய ஒருவரின் வீடு அது. அவர் மௌத்தாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். “அவர் இருந்தா ஒருத்தரையும் தொட விடமாட்டார் தம்பி. பிள்ளையளத் தூக்கினதை விட இதைத்தான் கூடத் தூக்கினவர்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வாப்பா கேஜை எடுத்து, முகத்தைச் சுளித்து, திரும்பப் போட்டார். “இது செத்த சாமான் அக்கா. வெச்சிரிந்தா துருதான் புடிக்கும். பாவம் எண்டு வேணுமெண்டா நான் கொண்டு போறன்.” அந்த அம்மா பெட்டியையும் தந்து, வீட்டு வளவில் காய்த்த ஒரு பூசணிக்காயையும் என் மடியில் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “கொழும்பில இதுக்காக மனிசர் கால்ல விழுவானுகள். அந்த மனிசி பூசணிக்காயும் தந்து அனுப்புது!” நானும் சிரித்தேன் மகனே. அது எனக்குப் பிடித்திருந்தது. வாப்பா என்னைச் சேர்த்துக்கொண்டு சிரித்த முதல் நாள் அது. ஒருவரை ஏமாற்றிவிட்டுச் சிரிப்பவர் உன்னையும் சேர்த்துக்கொண்டு சிரித்தால், உனக்கு இனிப்பாக இருக்கும். அந்த இனிப்பைப் பற்றித்தான் நான் உன்னை எச்சரிக்கிறேன், அவரைப் பற்றி இல்லை.

இனி மெக்னீட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பற்றரி இல்லாமல் தானே பொறி உண்டாக்கும் பழங்கால இயந்திரம் அது. வாப்பா அதை ஒரு பலகையில் பூட்டி, ஒரு கைபிடியும் வைத்திருக்கிறார். கைபிடியைச் சுற்றினால் வயரின் நுனியில் நீலப் பொறி பாயும். வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவதற்கென்றுதான் பூட்டினார். பிறகு அதில் எங்களையும் சோதிக்கத் தொடங்கினார். வீட்டில் ஏதாவது உடைந்தால், காணாமல் போனால், பள்ளிக்கூடத்திலிருந்து பிந்தி வந்தால், வயரின் நுனியை விரலில் பிடிக்க வேண்டும். அவர் சுற்றுவார். ஆளைக் கொல்லாது. கை முழங்கை வரை துள்ளும், பல்லோடு பல் அடிபடும். “மீட்டர் பொய் சொல்லாது, புள்ளைகள்தான் பொய் சொல்லும்” என்பார். முதல் முறை எனக்கு ஐந்து வயது, ஒரு ஸ்குரூவை விழுங்கினேனா இல்லையா என்று கேட்டார். விழுங்கவில்லை. இரண்டாவது சுற்றில் விழுங்கினேன் என்று சொன்னேன். அந்த நேரங்களில் உம்மா என்ன செய்வா என்று கேட்பாய். குசினிக்குப் போய் பைப்பைத் திறந்துவிடுவா. தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கை கூசும். உன் மூத்தம்மாவை வெறுக்கச் சொல்லவில்லை. பைப்பைத் திறப்பதும் ஒரு வேலை, அதையும் ஒருவர் தானாகவே செய்கிறார், அதைத் தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

ராத்தாவுக்கு மருதமுனையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார், அமைதியான ஆள். அவருடைய உம்மா வீடு பார்க்க வந்தபோது முன் மண்டபத்துக் கார்க் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் உம்மாவைப் பார்த்து, “மகனுக்குக் கட்டில் போட இடம் இரிக்கா மதினி, இல்லாட்டி கார்க் கதவுக்கு மேலயா படுக்கிற?” என்று கேட்டார். கூட வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். வாப்பாவும் சிரித்தார். ஆனால் கழுத்து நரம்பு எழும்பியிருந்தது. காவினுக்கு முன்னே வீட்டை ராத்தாவின் பெயரில் எழுதுவது, சாமான்களை அகற்றி அறைகளை ஒழிப்பது, நாங்கள் மூவரும் வளவின் பின்பக்கம் உள்ள சின்ன வீட்டுக்கு மாறுவது என்று பேசி முடிந்தது. அவர்கள் போன பிறகு ராத்தா வாப்பாவிடம் கேட்டாள்: “முழுக்க வேணாம் வாப்பா. இப்பைக்கு ஒரு அறைய மட்டும் ஒழிச்சித் தாங்களன்.” இருபத்திரண்டு வயதில் அவள் அவரிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான்.

கல்யாணத்துக்குப் பித்தளைச் சாமான்களைத் துலக்குவது என்னுடைய வேலையாக வந்தது. வெற்றிலை வைக்கும் வட்டா, எச்சில் துப்பும் படிக்கம், பெரிய தட்டங்கள். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பித்தளை பொன்னாக வரும், எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். கிணற்றடியில் இருந்து தேய்க்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அறை கேட்டதற்காக வாப்பா ராத்தா மேல் கோபமாக இருக்கிறார். அவருடைய கேஜையும் இப்படிப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தால் மனம் இளகும். சாகாமத்து ஆட்டோவில் சிரித்தது போல என்னைப் பார்த்துச் சிரிப்பார். அலுமாரிச் சாவி எங்கே இருக்கும் என்று தெரியும். எடுத்தேன். வெளிப்பக்கம் தேய்த்ததும் தகதகவென்று வந்தது. முகம் மட்டும் மங்கலாக இருந்தது. கண்ணாடியைத் திருகிக் கழற்றி, புளியை அப்பி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். எண்கள் போய்விட்டன. வெள்ளிப் பூச்சும் போய்விட்டது. வட்டாவைப் போலவே மஞ்சளாக, வெறுமையாக, நடுவில் ஒரு முள்ளோடு அது என் கையில் இருந்தது. பழைய சாமான் சேர்ப்பவர்களுக்கு அழுக்கும் சாமானின் ஒரு பகுதி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: வயர். கேஜை ஒரு பையில் சுற்றி, கோழிக் கூட்டுக்குப் பின்னால் மணலுக்குள் புதைத்தேன்.

மறுநாள், சனிக்கிழமை, வாப்பா எங்கள் இருவரையும் முன் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். அலுமாரி திறந்து கிடந்தது. சத்தம் போடவில்லை. “வீட்ட ஒழிக்கணும் எண்டு கேட்ட வாய் எது?” என்று மட்டும் கேட்டார். ராத்தா, “நான் தொடல்ல வாப்பா, வல்லாஹி” என்றாள். “சத்தியம் பண்ண வேணாம். கையக் கொண்டா.” வயரின் நுனியை அவளுடைய வலது கைவிரல்களுக்கு நடுவே வைத்து, அவளுடைய கையைத் தன் ரப்பர் கையுறையால் மூடிப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் அவளைப் பிடித்ததால் சுற்றுவதற்கு ஆள் இல்லை. “சின்னவள், இஞ்ச வா. நீ சுத்து.” நான் போனேன். மெதுவாகச் சுற்றினேன். “ஏன், சோறு திங்கல்லையா? மெதுவாச் சுத்தினா பொறி வராது. நல்லாச் சுத்து புள்ள.” நல்லாகச் சுற்றினேன்.

இந்த இடத்தில்தான் நான் பிறகு பொய் சொல்லுவேன் மகனே, அதனால் கவனமாக வாசி. பயத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் சுற்றினேன் என்று உனக்குச் சொல்லுவேன். அது உண்மை இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது. ராத்தாவின் தலையில் குத்தியிருந்த உச்சிப்பின் கழன்று விழுந்தது தெரிந்தது. குசினியில் பைப் திறந்தது தெரிந்தது. கைபிடி என் கையில் இருக்கும் வரைக்கும் வயர் வேறொருவர் கையில் இருக்கும் என்பதும் தெரிந்தது. அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. ராத்தா என்னைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்: “நான்தான்! நான்தான் எடுத்த! கடலுக்குள்ள எறிஞ்சிட்டன், விடுங்க வாப்பா!” அப்போதும் வாப்பா “போதும்” என்று சொன்ன பிறகுதான் நான் நிறுத்தினேன்.

அன்றைக்கே வாப்பா மருதமுனைக்குப் போன் எடுத்து, வீடு எழுத மாட்டேன் என்றார். “கள்ளிக்கு எழுதுறதுக்கு என்ட உழைப்பு இல்ல.” மாப்பிள்ளையின் உம்மா, வீடு இல்லாமல் தன் மகனை எங்கே அனுப்புவது என்று கேட்டு போனை வைத்துவிட்டார். ராத்தாவின் இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் ஊசியை அவளால் பிடிக்க முடியவில்லை. உம்மா மருந்து பூசிக்கொண்டே, “சும்மா இரிங்க, ரெண்டு நாள்ல வாப்பா ஆறிருவாரு” என்றா. ஆறு நாள் போனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, “ஏன்கா, உங்கட ராத்தாட மாப்புள சொல்லாம கொள்ளாம கட்டாருக்குப் போயிட்டாராமே?” என்று சிரித்தார்கள். இல்லாத கதை அது. இந்த ஆறு நாளும் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், கணக்கில் எழுபது எடுத்தேன். எப்படி முடிந்தது என்றால், எனக்கு ஒரு நினைப்பு இருந்தது: ராத்தாவுக்கு எல்லாம் தெரியும், என்னைக் காப்பாற்றத்தான் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அந்த நினைப்பு ஒரு நல்ல போர்வையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ராத்தா அழவில்லை. தைத்த சட்டையைப் பிரித்து நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் என்னால் முடியவில்லை. வாப்பா ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்து சோறு தின்றுகொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். “வாப்பா, கேஜ எடுத்தது நான். புளி போட்டுத் தேச்சன். எண் எல்லாம் அழிஞ்சி போச்சி. ராத்தா தொடவே இல்ல.” அவர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். சாவகாசமாகத் தின்று முடித்தார். கை கழுவிவிட்டு உள்ளே போய், அந்தப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மணல்கூட இன்னும் ஒட்டியிருந்தது.

“கோழிக்குத் தீன் போடப் போனவன் நான். நீ பொதைச்ச அண்டைக்குப் பின்னேரமே கண்டுட்டன். வட்டா துலக்கினவள் நீதானே” என்றார்.

“அப்ப ஏன் ராத்தாவ…”

“அவள் ஒழிக்கணும் எண்டு கதைச்சதுக்கு அந்தத் தண்டனயும் காணாது. உன்ன வேற பாக்கணும் எண்டிரிந்திச்சி. சுத்தச் சொன்னா சுத்துவியா, இல்லாட்டி கைய எடுத்துட்டு உண்மையச் சொல்லுவியா எண்டு. சுத்தினாய். அதுவும் நல்லாத்தான் சுத்தினாய்.” என் தலையில் கையை வைத்தார். கோபம் துளியும் இல்லை. சாகாமத்திலிருந்து வந்த ஆட்டோவில் சிரித்த அதே முகம். “அவள் உம்மாட புள்ள. உனக்குத்தான் என்ட கை. இந்தச் சாமானெல்லாம் எனக்குப் பிறகு நீதான் பாக்கணும்.” பிறகு மருதமுனைக்குப் போன் எடுத்து, தப்பு எங்கள் பக்கம் என்று சிரித்துச் சிரித்துப் பேசினார். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுகிறவருக்கும் சொன்னார். அரை மணித்தியாலத்தில் கல்யாணம் திரும்பி வந்துவிட்டது. நான் ஆறு நாள் பயந்தது அரை மணித்தியால வேலைக்கு.

ராத்தா அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் போய்க் கதவடியில் நின்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பிரித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“என்னக் காப்பாத்தத்தானே அப்பிடிச் சொன்ன, ராத்தா” என்றேன்.

“இல்ல” என்றாள். “நீதான் எண்டு எனக்குத் தெரியாது. வலிச்சிது, சொன்னன். அவ்வளவுதான்.”

“என்ன மன்னிச்சிக்க.”

“எடுத்ததுக்கா, சுத்தினதுக்கா?”

அவள் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். பொரிந்த விரல்களுக்குள் ஊசி நிற்கவில்லை. நான் வாங்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டாள். “எடுத்தது பரவால்ல. நீ சின்னப் புள்ள, பயந்துட்டாய். ஆனா நீ என்ட முகத்தப் பாத்துப் பாத்துச் சுத்தினாய். எனக்கு அத மறக்க ஏலா. இனி இது என்ட வீடு. உம்மா வரட்டும். வாப்பா வந்தாலும் இரிக்கக் கதிரை போடுவன், வாப்பாவாப் போயிட்டாரு. காவினண்டைக்கு ஆக்களுக்காக நீ நில். அதுக்குப் பிறகு வாசல் கடப்படியத் தாண்டி உள்ளுக்கு வரப்படா.”

“எப்பவுமா?”

அவள் நூலின் நுனியைப் பல்லால் கடித்து நனைத்தாள். “நாளைக்கு உனக்கு ஒரு புள்ள கிடைச்சா அத அனுப்பு. அது ஒண்டும் செய்யல்லயே” என்றாள்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். திங்கட்கிழமை வீடு எழுதி முடிந்தது. சாமான்கள் எல்லாம் பின்வீட்டுக்கு வந்துவிட்டன, அவற்றுக்கு நடுவில்தான் இப்போது இருக்கிறேன். வாப்பா எனக்கு ஒவ்வொன்றின் பெயரும் சொல்லித் தருகிறார், மிகவும் அன்பாக. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்கிறேன். என் கையைப் பற்றி அவர் சொன்னது உண்மையோ என்ற பயம் எனக்கு அவரைப் பற்றிய பயத்தை விடப் பெரிதாக இருக்கிறது. ஆகவே ஒன்று கேட்கிறேன். நான் உன்னைப் பக்கத்தில் நிறுத்தி, சத்தம் போடாமல், மெதுவான குரலில் கேள்வி கேட்கத் தொடங்கினால், பதில் சொல்லாதே. உண்மையும் சொல்லாதே, பொய்யும் சொல்லாதே. செருப்புப் போட நிற்காமல் ஓடு. உம்மா என்று பார்க்காதே.

எங்கே ஓடுவது என்று கேட்பாய். உன் பெரியம்மா வீடு முன்னால்தான் இருக்கிறது. நீ போகலாம், அவளே சொன்ன சொல். யாருடைய பிள்ளை என்று கேட்டால் என் பெயரைச் சொல்லு, மறைக்காதே. அவள் சோறு போட்டால் வெட்கப்படாமல் சாப்பிடு, அவளுடைய வலது கையை உற்றுப் பார்க்காதே. நான் உன் பின்னால் ஓடி வந்தாலும் கடப்படியோடு நின்றுவிடுவேன், அதற்கு மேல் எனக்குப் பாதை இல்லை. அங்கே நின்று நான் கூப்பிட்டால் உடனே வெளியே வந்துவிடாதே. என் குரல் எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டுப்பார்க்கச் சொல். அவள் போ என்று சொன்னால் மட்டும் வா.